காட்டோரத்து வீடு: இன்சூரன்ஸ் கடிதம் வந்துவிட்டது, எதில் தொடங்குவது? (கலிபோர்னியா)

#1 ஓக்மரத்தடி (ஆரிண்டா)

எல்லோருக்கும் வணக்கம். ஓக்லாந்துக்குக் கிழக்கே மலைச்சரிவில் எங்கள் வீடு, 70களில் கட்டியது, மரச்சுவர். பின்வேலியைத் தாண்டினால் காய்ந்த புல்லும் ஓக் மரங்களும்தான். போன வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. 75 நாள் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. காரணம் என்று எழுதியிருப்பவை: கூரை மேல் சாய்ந்த கிளைகள், சுவரோடு ஒட்டிய மரவேலி, டெக்குக்கு (வீட்டை ஒட்டிய வெளி மரத்தளம்) அடியில் அடைத்து வைத்திருக்கும் சாமான்கள்.

எதை முதலில் செய்வது என்பதில்தான் வீட்டுக்குள் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது. என் கணவர் ஓக் மரங்களை எல்லாம் வெட்டிவிடலாம் என்கிறார். ஒரு காண்ட்ராக்டர் கூரை மேல் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் போடச் சொல்லி பெரிய தொகை கேட்கிறார். மாமியார் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார், அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பகலில் தனியாக இருப்பார், எனக்கு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. 1991 அக்டோபரில் இந்த மலைக்கு அந்தப் பக்கம் எரிந்ததில் 25 பேர் இறந்தார்கள், தெருவில் பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சோனோமா_சித்தப்பா (சான்டா ரோசா)

முதலில் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிடாதீர்கள் அம்மா. கொஞ்சம் பொறுங்கள்.

தீ என்றால் மலையிலிருந்து சுவர்போல எரிந்துகொண்டே இறங்கி வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் எல்லோர் மனதிலும் படம் இருக்கிறது. பெரும்பாலான வீடுகள் அப்படி எரிவதில்லை. தீக்கு முன்னால் கங்கு வருகிறது. காற்றில் ஒரு மைல், சில சமயம் அதற்கு மேலும் பறந்து வரும். 2017 அக்டோபரில் டப்ஸ் தீ எங்கள் ஊருக்குள் வந்தபோது நெடுஞ்சாலை 101ஐ, அத்தனை லேன் அகலத்தையும், தாண்டி காஃபி பார்க் பகுதிக்குள் விழுந்தது. அது காடே கிடையாது, சாதாரண சமதளக் குடியிருப்பு, தீ அபாய வரைபடத்தில் பெரிய ஆபத்து என்று குறித்திராத இடம். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஒரே இரவில் போயின.

அதனால் நீங்கள் யோசிக்க வேண்டியது, காடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இல்லை. ஒரு கங்கு வந்து என் வீட்டில் விழுந்தால் அது எதைப் பற்றிக்கொள்ளும் என்பதைத்தான். காற்று அடிக்கிற நாளில் வெளியே போய் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சருகு எந்த மூலையில் போய்க் குவிகிறதோ அங்கேதான் கங்கும் போய்க் குவியும். டெக் சுவரைத் தொடும் மூலை, கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம், கூரையோரத்து மழைநீர்க் கால்வாய், வாசல் படியின் ஓரம். எங்கள் வீட்டில் கராஜ் கதவின் வலது கோடியில் ஒரு சின்ன இடைவெளி, அதன் வழியாக உள்ளே போன ஓக் இலைகள் பழைய அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவு குவிந்து கிடந்தன. இலை நுழைகிற இடத்தில் கங்கும் நுழையும்.

வீட்டிலிருந்து வெளியே நோக்கி வேலை செய்யுங்கள். கூரை, வெண்ட் எனப்படும் காற்றுத் துளைகள், சுவரை ஒட்டிய முதல் ஐந்தடி. பிறகு முப்பது அடி. பிறகு நூறு அடி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

#3 நேர்படப்பேசு

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பழி எல்லாம் வீட்டுக்காரன் தலையில் விழுகிறதே. காட்டை ஒழுங்காகப் பராமரிக்காதது அரசு. இந்த மாநிலத்தின் பாரடைஸ் ஊரில் 2018ல் தீ மூட்டியது மின் கம்பி, அந்த மின் நிறுவனமே 2020ல் 84 பேர் சாவுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த ஊரில் 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேல் கட்டடங்கள் போயின. அப்படிப்பட்ட தீயில் வாசலில் சருகு கூட்டியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

#4 சோனோமா_சித்தப்பா

மின் கம்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க சரி, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. காட்டில் திட்டமிட்டுத் தீ வைத்துச் சுள்ளியையும் புதரையும் குறைக்கும் வேலை இன்னும் எவ்வளவோ நடக்க வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதே பாரடைஸ் படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். வீடு சாம்பலாகிக் கிடக்கும், பத்தடி தள்ளி பைன் மரம் பச்சையாக நிற்கும். பெரிய தீச்சுவர் வந்திருந்தால் மரம் எப்படி நின்றது? வீடு வீட்டால் எரிந்தது. கங்கில் ஒரு வீடு பற்றி, அது பக்கத்து வீட்டை, அது அடுத்ததை.

ஜாக் கோஹன் என்று அமெரிக்க வனத்துறையில் இருந்த ஆராய்ச்சியாளர், 90களின் கடைசியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் நிஜக் காட்டையே எரித்து, அதன் முன்னால் மரச்சுவர்களை வெவ்வேறு தூரத்தில் நிறுத்திப் பார்த்த சோதனைகளில் இருந்தார். மர உச்சி வரை எரிகிற பெருந்தீ. 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. பெருந்தீ ஓர் இடத்தில் ஓரிரு நிமிடம்தான் உக்கிரமாக எரியும், பிறகு நகர்ந்துவிடும். அதனால்தான் வீடும் அதைச் சுற்றிய நூறு அடியும்தான் முடிவு செய்கின்றன என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அரசு காட்டைச் சரிசெய்ய இருபது வருடம் ஆகலாம். உங்கள் நூறு அடி இந்த வார இறுதியிலேயே உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்று. இந்த மாநிலத்தில் தீ அபாயப் பகுதிகளில் கட்டும் புது வீடுகளுக்கு 2008 முதல் கடுமையான கட்டட விதி இருக்கிறது. பாரடைஸில் அதற்குப் பிறகு கட்டியவற்றில் ஏறக்குறைய பாதி நின்றன, பழையவற்றில் ஐந்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. எப்படிக் கட்டுகிறோம் என்பதில் பலன் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

#5 அளவுநாடா (சாக்ரமெண்டோ)

வீடுகளை ஆய்வு செய்வது என் தொழில், அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

70களின் வீடு என்றால் நான் முதலில் பார்ப்பது வெண்ட். கூரையின் இறவாரத்துக்குக் கீழே, முக்கோணச் சுவரில், தரைக்கு அடியில் காற்றுப் போக வைத்த துளைகள். அந்தக் காலத்தில் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை போட்டார்கள், எலியும் பறவையும் வராமல் இருக்க. கங்கு அதற்குள் சாதாரணமாகப் போகும். உள்ளே போனால் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் இடத்தில், காய்ந்த மரச்சட்டம், காப்புக் காகிதம், பழைய பெட்டிகள். வெளியே ஒன்றும் தெரியாது, தெருவில் தீயணைப்பு வண்டி கடந்து போகும்போது வீடு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பிடித்திருக்கும். தவழ்ந்துதான் போக முடிகிற தரையடி இடத்துக்கும் இதே கதை.

தீர்வு பெரிய விஷயம் இல்லை: எட்டில் ஒரு பங்கு அங்குலம் அல்லது அதைவிடச் சிறிய கண் உள்ள உலோக வலை. பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ் வலை கூடாது, உருகிவிடும். வலையை வாங்கி ஸ்டேப்ளரால் அடித்து முடிக்கலாம், ஒரு வீட்டுக்குச் சில நூறு டாலருக்குள் அடங்கும். இன்னும் நல்லது வேண்டும் என்றால் கங்கு, சுடர் இரண்டையும் தடுக்கும் என்று சோதித்துச் சான்றிதழ் பெற்ற வெண்ட் கிடைக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை தூசியும் பெயிண்டும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று வராமல் அட்டிக்கில் ஈரம் பிடிக்கும். தற்காலிகமாக அடைத்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிரந்தரமாக அடைக்காதீர்கள்.

அப்புறம் கூரை. ஷேக் எனப்படும் மரச்சில்லுக் கூரை என்றால் வேறு எதற்கும் பணம் செலவழிக்கும் முன் அதை மாற்றுங்கள். ஆஸ்பால்ட் ஷிங்கிள், அதாவது தார்த் தகடு, என்றால் பெரும்பாலும் ஏ வகுப்புதான் (தீயைத் தாங்குவதில் உயர்ந்த தரம்), கவலை குறைவு, சருகை மட்டும் எடுங்கள். வளைந்த ஓடு என்றால் ஓர வரிசையில் ஓட்டுக்கு அடியில் குழல்போல ஓட்டை இருக்கும், அதில் பறவை கூடு கட்டும், கங்கும் போகும், அதை அடைக்க வேண்டும்.

இனி முதல் ஐந்தடி. இதில்தான் நம் ஆட்கள் வீட்டில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் தேங்காய் நார்க் கால்மிதி. கிருகப்பிரவேசத்துக்குக் கட்டி, வருடக்கணக்கில் காய்ந்து நிலைப்படியிலேயே தொங்கும் மாவிலைத் தோரணம். சுவரோடு சாய்த்து வைத்த துடைப்பம். பிளாஸ்டிக் தொட்டியில் கறிவேப்பிலை, குளிருக்குப் பயந்து தெற்குச் சுவரோடு ஒட்டி. மூங்கில் தட்டி. இவை ஒவ்வொன்றும் கங்கு விழுந்தால் பிடிக்கும், அதுவும் மரக்கதவுக்கு முன்னாலேயே. தோரணம் கட்டுங்கள், வாடியதும் எடுத்துவிடுங்கள். துளசியைச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, சிமெண்ட் மாடத்தில் வையுங்கள். கறிவேப்பிலைத் தொட்டிக்குச் சக்கரப் பலகை வாங்கிவிட்டால் காற்றுக் காலத்தில் தள்ளிவிடலாம்.

சுவரோரம் செடிக்கடியில் பரப்பும் மரப்பட்டைத் தூள் (மல்ச்) கூடாது, சரளைக்கல் போடுங்கள். ஜூனிப்பர், ரோஸ்மேரி, சைப்ரஸ் ஜன்னலுக்குக் கீழே கூடவே கூடாது. மரவேலி சுவரைத் தொடுகிற கடைசி ஐந்தடியை மட்டும் இரும்பாக மாற்றுங்கள், முழு வேலியையும் மாற்ற வேண்டியதில்லை. மரவேலி திரியைப் போலத் தீயைக் கொண்டு வந்து வீட்டில் விடும்.

#6 ஓக்மரத்தடி

நார்க் கால்மிதி, தோரணம், கறிவேப்பிலை மூன்றும் எங்கள் வாசலில் இருக்கின்றன, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மிக்க நன்றி. ஓக் மரங்களைப் பற்றியும் ஸ்பிரிங்க்ளர் பற்றியும் யாராவது சொல்லுங்கள், காண்ட்ராக்டர் தினம் அழைக்கிறார்.

#7 அளவுநாடா

ஓக்கை வெட்ட வேண்டாம். பல ஊர்களில் அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது. தரையிலிருந்து குறைந்தது ஆறடி உயரம் வரை கீழ்க்கிளைகளை எடுங்கள், மரத்துக்கு அடியில் புதர் இருந்தால் இன்னும் உயரமாக, புல்லிலிருந்து புதருக்கும் புதரிலிருந்து கிளைக்கும் தீ ஏணி ஏறுவதுபோல ஏறக் கூடாது என்பதுதான் கணக்கு. புகைபோக்கிக்குப் பத்தடிக்குள் கிளை இருக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கூரை மேல் சாய்ந்ததையும் எடுங்கள். புல்லை நான்கு அங்குலத்துக்குள் வெட்டி வையுங்கள், அதுவும் காலையில், வெயில் ஏறிக் காற்று வருவதற்கு முன். இயந்திரத்தின் பிளேடு கல்லில் பட்டுப் பொறி பறந்தே சில தீக்கள் தொடங்கியிருக்கின்றன.

ஸ்பிரிங்க்ளருக்கு என் பதில்: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். தீ வரும் நாளில் மின்சாரம் போகும், தண்ணீர் அழுத்தம் குறையும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் பகுதியில் தீயணைப்புக் குழாய்களிலேயே தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். பலத்த காற்றில் தெளிக்கும் தண்ணீர் கூரையில் விழாமல் பக்கத்துத் தோட்டத்தில் விழும். அந்தப் பணத்தில் வெண்ட், வேலி, ஜன்னல் மூன்றும் முடியும், அவை மின்சாரமும் ஆளும் இல்லாமல் தாமாக வேலை செய்பவை.

#8 லேக்_அவென்யூ

நான் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஆல்டடீனாவில் இருந்தேன். 2025 ஜனவரி 7ஆம் தேதி மாலை ஈட்டன் தீ தொடங்கியது. எங்கள் வீடு இப்போது இல்லை.

மேலே சொன்னவை எல்லாம் உண்மை, ஆனால் நெருக்கமாக வீடு உள்ள தெருவில் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் வீடுகள் மிக அருகருகே, பெரும்பாலும் 2008க்கு எத்தனையோ வருடம் முன்பு கட்டியவை. பக்கத்து வீடு முழுதாக எரிந்தால் அதன் வெப்பத்துக்கு முன்னால் சுத்தமான முற்றம் மட்டும் போதாது. முதலில் ஜன்னல் உடையும். ஒற்றைக் கண்ணாடி சீக்கிரம் போய்விடும், இரட்டைக் கண்ணாடி, அதுவும் டெம்பர் செய்தது (சூட்டில் பதப்படுத்தி உறுதியாக்கியது), அதிக நேரம் தாங்கும். பக்கத்து வீட்டைப் பார்த்த பக்கத்து ஜன்னல்களையாவது முதலில் மாற்றுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் எல்லோரும் ஷெட், குப்பைத் தொட்டி, விறகு, பழைய சோபா எல்லாவற்றையும் வைப்பார்கள். அந்தச் சந்தைக் காலியாக வையுங்கள், உங்கள் பக்கம் மட்டும் செய்தால் பாதிதான், அவர்களிடமும் பேசுங்கள்.

அதைவிட முக்கியமானது: உத்தரவுக்காகக் காத்திருக்காதீர்கள். லேக் அவென்யூவுக்கு மேற்கே எங்களுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகு. அதற்குள் தெருக்களில் தீ வந்துவிட்டது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மேற்குப் பக்கத்தில்தான், பலர் வயதானவர்கள், உடல் நடமாட்டம் குறைந்தவர்கள். ஓக்மரத்தடி, உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காற்றும் வறட்சியும் சேர்ந்து தீ அபாயம் கூடும்போது செங்கொடி எச்சரிக்கை என்று சொல்லும் நாட்களில் அவரைக் காலையிலேயே சமதளத்தில் இருக்கும் நண்பர் வீட்டில் விட்டுவிடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் மாலையில் அழைத்து வாருங்கள், ஒரு நாள் போனால் போகட்டும்.

#9 சோனோமா_சித்தப்பா

லேக்_அவென்யூ, படித்தேன். உங்கள் குடும்பம் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எழுதியதற்கு நன்றி.

மாமியாருக்காக இன்னும் சில. கவுண்டியின் (மாவட்ட நிர்வாகம் போல) எச்சரிக்கைச் சேவையில் உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள், அவருடைய இந்த ஊர் எண்ணையும் சேருங்கள். வாட்ச் டியூட்டி ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், லாப நோக்கமற்ற அமைப்பு, தன்னார்வலர்கள் ரேடியோவைக் கேட்டு உடனுக்குடன் போடுகிறார்கள். உங்கள் வீட்டு வெளியேற்ற மண்டல எண்ணைத் தெரிந்துகொண்டு ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி, பிரிட்ஜில் ஒட்டுங்கள், கூடவே பகலில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரின் பெயரும் போன் எண்ணும். அவர்களிடம் மாமியாரை நேரில் அறிமுகப்படுத்திவிடுங்கள், அவர் கதவைத் தட்டினால் எதற்கு என்று புரிய வேண்டும். பாஸ்போர்ட், மாத்திரை, மூக்குக் கண்ணாடி ஒரே பையில்.

கராஜ் கதவு. 2017 தீயில் மின்சாரம் போய்க் கதவைத் திறக்க முடியாமல் சிக்கியவர்கள் உண்டு, அதனால்தான் 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் கதவு மோட்டாரில் பேட்டரி கட்டாயம் ஆனது. உங்களுடையது பழையது என்றால், சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கிப் பழகுங்கள், வீட்டில் ஒவ்வொருவரும்.

#10 யாரா_ஆற்றங்கரை (மெல்பர்ன்)

ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு வார்த்தை. 2009 பிப்ரவரி 7 கருப்புச் சனிக்கிழமையில் விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள். அதுவரை இங்கே சொன்னது, ஒன்று தயாராக இருந்து வீட்டைக் காப்பாற்று, இல்லாவிட்டால் சீக்கிரமே கிளம்பு என்று. அன்று இறந்தவர்களில் நிறையப் பேர் வீட்டுக்குள்தான் இறந்தார்கள். அதற்குப் பிறகு மிகக் கொடிய நாள் என்று அறிவித்தால் முந்தின இரவோ அன்று காலையோ போய்விடு என்பதுதான் பேச்சு. புது வீடு கட்ட மனையின் தீ அபாய அளவு பார்த்து, 12.5, 19, 29, 40 என்று எண் கொடுத்து, அதற்கு மேல் நேரடிச் சுடர் மண்டலம் என்று வைத்து, அதற்கேற்பக் கண்ணாடியும் வலையும் கதவும் கேட்கிறார்கள். செலவு கூடும்தான். மெல்பர்னை ஒட்டிய டாண்டெனாங் மலையில் வீடு வாங்க ஆசைப்படும் நம் ஆட்கள் விலையோடு அந்த எண்ணையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

#11 பெருமாள்மலை

கொடைக்கானல் பக்கம் சின்னதாகத் தங்கும் விடுதி நடத்துகிறேன். பிப்ரவரி தொடங்கி மழை வரும் வரை எங்கள் மலையிலும் தீ பயம்தான். இங்கே கட்டடங்கள் கல், சிமெண்ட், அதனால் உங்கள் அளவு ஆபத்து இல்லை, ஆனால் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, சுவரோடு அடுக்கிய விறகு, பின்னால் மண்டிய உண்ணிச்செடி, இந்த மூன்றும் எங்களிடமும் இருக்கின்றன. விறகை நாளைக்கே தள்ளி அடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

#12 நேர்படப்பேசு

இழையை முழுக்கப் படித்தேன். வெண்ட் விஷயம் எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஆனால் இன்சூரன்ஸ்? இத்தனையும் செய்த பிறகும் பாலிசி கொடுக்காவிட்டால்?

#13 அளவுநாடா

நியாயமான கேள்வி, உறுதி தர என்னால் முடியாது. ஆனால் நீங்கள் செய்தவற்றுக்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்று 2022ல் மாநில இன்சூரன்ஸ் துறை விதி கொண்டுவந்தது, அதில் கூரை, வெண்ட், முதல் ஐந்தடி, தெருவாகச் சேர்ந்து செய்தது எல்லாம் இருக்கின்றன. தள்ளுபடி வேறு, பாலிசி கொடுப்பது வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து, ரசீதோடு கம்பெனிக்கு அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். ஒரு சுயேச்சை ஏஜென்டிடமும் போங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் ஃபேர் பிளான் இருக்கிறது, வேறு யாரும் தராதவர்களுக்கு இந்த மாநிலத்தில் இருக்கும் கடைசி வழிக் காப்பீடு. அது தீயைத்தான் முக்கியமாகப் பார்க்கும், திருட்டு, பொறுப்புக் காப்பீடு எல்லாம் வராது, அவற்றுக்குத் தனியாக இன்னொரு பாலிசி சேர்க்க வேண்டும். பேரிடர் அறிவித்த தீயை ஒட்டிய அஞ்சல் பகுதிகளில், ஒரு வருடத்துக்கு அந்தக் காரணத்துக்காகப் பாலிசியை நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் உண்டு, உங்கள் பகுதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

#14 சோனோமா_சித்தப்பா

தெருவாகச் சேர்வது பற்றி: ஃபயர்வைஸ் என்று தேசியத் தீத் தடுப்புச் சங்கம் நடத்தும் திட்டம். குறைந்தது எட்டு வீடு போதும். தீயணைப்புத் துறையை வைத்து ஒரு மதிப்பீடு, மூன்று வருடத் திட்டம், வீட்டுக்கு வருடம் ஒரு மணி நேர உழைப்பு அல்லது அதற்குச் சமமான செலவு. சில கம்பெனிகள் இதற்கும் தள்ளுபடி தருகின்றன.

எட்டுப் பேரைச் சேர்ப்பதுதான் கஷ்டம். பயமுறுத்தாதீர்கள், யாரும் வர மாட்டார்கள். நான் செய்தது, கிளை அரைக்கும் சிப்பர் வண்டியை உள்ளூர் ஃபயர் சேஃப் கவுன்சில் (தீத் தடுப்புக்கான உள்ளூர் அமைப்பு) மூலம் தெருவுக்கு ஒரு நாள் கேட்டு வாங்கி, வெட்டியதை வாசலில் போடுங்கள், அவர்களே அரைத்துக் கொண்டுபோவார்கள் என்று ஒரு தாளைக் கதவுக்குக் கதவு கொடுத்ததுதான். முதியவர்கள் வீட்டில் நாங்களே போய் வெட்டிக் கொடுத்தோம். அந்த ஒரு நாளில் எல்லோரும் வெளியே நின்று பேசிக்கொண்டார்கள், கூட்டம் போட்டு வராதவர்கள்கூட.

#15 ஓக்மரத்தடி

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, லேக்_அவென்யூவுக்கு மிக அதிகமாக. ஸ்பிரிங்க்ளர்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கால்மிதியும் தோரணமும் எடுத்தாயிற்று, டெக்குக்கு அடியில் இருந்ததைக் காலி செய்கிறோம். வெண்ட் வலை கால் அங்குலம்தான், அளந்து பார்த்தேன். மாமியாருக்குக் கீழே வால்நட் கிரீக்கில் ஒரு தமிழ்க் குடும்பம், எந்த நாளும் கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் பேசியதில் ஐந்து வீடு சரி என்றது, இன்னும் மூன்று வேண்டும். சிப்பர் வண்டியை ஜூனுக்கு முன்னால் பதிவு செய்ய வேண்டுமா, பிறகும் கிடைக்குமா?

#16 சோனோமா_சித்தப்பா

இப்போதே பதிவு செய்யுங்கள், மே மாதம் எல்லோரும் கேட்பார்கள். அந்த மூன்று வீட்டுக்கும் வண்டி வரும் தேதி கையில் கிடைத்த பிறகு போங்கள்.